வற்றாப்பளையில் வழியாத பானை

இதை எழுத எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. எட்டாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கியவன் நான். ஆனால் தயங்கியதற்குக் காரணம் படிப்பு இல்லை. ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கொப்பியைத் திறந்து திறந்து மூடினேன். இப்போது தெரியும். அம்மன் துணை.

போன திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தர்மபுரத்தில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீற்றர் வரும், நூற்றியெண்பது ரூபாய். மடியில் புதுப்பானை. பைக்குள் பச்சரிசி, பயறு, சர்க்கரை, ஒரு போத்தல் பால்.

"ஐயா, பானைக்கும் ரிக்கற் எடுக்கவேணும்," என்றார் நடத்துனர்.

"அரை ரிக்கற் போடுங்கோ தம்பி. அது இன்னும் பொங்கேல்லை."

முன்சீற்றுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி, எட்டு மணிபோல வட்டுவாகல் பாலம். ஒடுங்கிய பாலம், எதிரே லொறி வந்ததால் பஸ் கரையில் நின்றது. நந்திக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். நான் கும்பிட்டேன்.

கடைசிச் சண்டையின்போது இந்தக் கரையில் ஒரே பங்கர்க் குழிக்குள் இருந்தோம்: என் குடும்பமும், மத்தளக்காரர் தவம் அண்ணையும், அவருடைய ஒரே மகன் குகனும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. "ரண்டு பிள்ளையளும் கரை சேர்ந்தா வற்றாப்பளையில ஒரே பானையில பொங்குவம்," என்று அண்ணையும் நானும் நேர்த்தி வைத்தோம். பாலம் கடக்கும் நாளில் என் காலில் காயம். குகன்தான் மகளைத் தோளில் ஏற்றி அந்தப்பக்கம் கொண்டுவந்து எங்களிடம் தந்தான். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன் மாமா," என்று திரும்பினான். அப்பா வந்துசேர்ந்தார். அவனை அதன்பிறகு ஒருவரும் காணவில்லை.

நேர்த்தியோ இரண்டு பேருக்கும். நான் போய்ப் பொங்கினால் குகனின் கதை முடிந்தது என்று நானே சொன்னதாகிவிடும். அதனால் போகவில்லை. இப்போது மகள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. "அம்மனை இன்னும் காக்க வைக்கப் போறியளோ?" என்று மனைவி கேட்டதும் புறப்பட்டேன்.

எட்டரைக்கு முல்லைத்தீவு. முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு, ஆயிரம் ரூபாய் பேசி வற்றாப்பளைக்கு ஓட்டோ பிடித்தேன். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணீரில் விளக்கெரிகிற கோயில். அன்று வாசலில் கால் வைக்க இடமிருக்காது. நான் போன நாள் சனம் குறைவு. மர நிழலில் தவம் அண்ணை நின்றார்.

"வாறன் வாறன் எண்டு என்ர தலைமயிர் நரைச்சுப் போச்சடா!"

"உங்களுக்கு எங்கையண்ணை மயிர் இருக்கு நரைக்க?"

வழுக்கையைத் தடவிச் சிரித்தார். இப்போதும் கோயில் கூத்துக்கு அவர்தான் மத்தளமாம். "கண்ணகை அம்மன் ஒப்பாரி வைக்கிற இடத்தில மட்டும் வேற ஆள் அடிப்பான். எனக்கு அது சரிவராது."

எனக்கு மனம் உருகி வாய் தவறிவிட்டது. "குகன் தங்கமான பிள்ளையா இருந்தவன் அண்ணை."

அவர் சிரிப்பு நின்றது. "இருந்தவனோ?"

நான் பானையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் உள்ளே போனேன்.

அர்ச்சனைக்குப் பூசாரியார் பெயர், நட்சத்திரம் கேட்டார். மகளுடையதைச் சொன்னேன். அண்ணை பக்கத்தில் நின்று, "குகன், ரோகிணி," என்றார். செத்தவருக்கு அர்ச்சனை இல்லை. பூசாரியார் நிமிர்ந்தும் பாராமல் அந்தப் பெயரைச் சொன்னார். திங்கள்தோறும் சொல்லிப் பழகிய பெயர்.

அடுப்புக்கு மூன்று கல் வைத்தும் எனக்குக் கை ஓடவில்லை. "அண்ணை, நான் தனியப் பொங்கலாமோ?"

"உன்ர பிள்ளை கரை சேர்ந்திட்டாள். உன்ர பங்கைப் பொங்கு. என்ர பங்கு அரிசி வீட்டில கிடக்கு."

அவரே அரிசியிலும் பாலிலும் பாதியை மட்டும் அளந்து பானையில் விட்டார். பால் நுரைத்து, பானையின் கழுத்துவரை வந்து, அங்கேயே நின்றது. பொங்கி வழியாவிட்டால் குறையென்று பயந்து இன்னொரு தென்னம்பாளையை அடுப்புக்குள் தள்ளப்போனேன். அண்ணை கையைப் பிடித்தார்.

"விடடா. மிச்சம் அவன் வந்தாப்பிறகு வழியட்டும்."

வாழையிலையில் வாங்கித் தின்றுவிட்டு, "சர்க்கரை கூடிப்போச்சு. அடுத்தமுறை மனிசியைக் கூட்டி வா," என்றார். இதை எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுது. அந்தச் சொல்லை மட்டும் பார்த்து எழுது."

ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். பாலத்தில் இந்தமுறை நிற்கவேண்டி வரவில்லை. வீட்டு வாசலிலேயே மகள் கேட்டாள், "பொங்கினதோ அப்பா?" தைப்பொங்கலுக்கு எங்கள் முற்றத்தில் பால் வழியாவிட்டால் எல்லோர் முகமும் வாடிவிடும். "பாதி பொங்கினது பிள்ளை," என்றேன். அவள் வாடவில்லை. பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வாசிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக இந்த வரியை அப்படியே சொல்லுங்கள்: தவம் அண்ணைக்கு ஒரு மகன் இருக்கிறான்.