பின்வரிசையின் எடை

இது நடந்தது. கதை கட்டி உங்களைப் பயமுறுத்த எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. என் பெயர் சாஹிரா. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்பை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்துப் பிழைக்கிறவள். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை... ஒரே சரக்கை எத்தனை பேர்தான் விற்பார்கள்? பகலில் பேய்க்கு வேறு வேலை இருக்கிறதா என்ன?

எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலே முக்காலுக்கு. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் தம்பி இர்ஃபானிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டு முட்டாள்தனங்கள் எல்லாமே அவனிடமிருந்துதான் தொடங்கும். முதலில் ஒட்டகப்பால் டீ விற்றான். பிறகு ஏரியில் படகு விடப்போகிறேன் என்றான், அந்த வருஷம் ஏரியில் தண்ணீரே இல்லை. அதற்கப்புறம்தான் விமானம். காட்டாங்குளத்தூரில், காலேஜ் பிள்ளைகள் திரிகிற இடமாகப் பார்த்து, நிஜ விமானத்துக்குள் பிரியாணி ஹோட்டலாம். யாரோ ஏலம் விட்ட பழைய டர்போப்ராப் விமானம் ஒன்றை எடுத்துவிட்டான். என்ஜின் கிடையாது. ப்ரொப்பல்லர் மட்டும் அழகுக்கு. இறக்கையைக் கழற்றி, ட்ரெய்லரில் ஏற்றி, என் பட்டறை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, "அக்கா, இதுக்கு ஒரு ஸ்டேண்ட் பண்ணிக் குடேன்" என்றான். ஏதோ வாஷிங் மெஷினுக்கு ஸ்டேண்ட் கேட்கிற மாதிரி.

அவன் கேட்டது பத்தடி உயரத் தூண்கள் மூன்று. மூக்குக்குக் கீழே ஒன்று, பின்னால் இரண்டு. பார்த்தால் பறக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். பின்தூண் ஒன்று விட்டுக்கொடுத்தால் போதும், உள்ளே சாப்பிடுகிறவர்களோடு மொத்தமும் தரைக்கு வரும். இது அவன் மண்டையில் ஏறவில்லை. அவன் மகள் மெஹர் பானுவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டால் இனி விமானத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் உட்காரப்போகிற இடம். அதனால் எனக்கு எடை சரியாகத் தெரிய வேண்டியிருந்தது.

ஏலப் பேப்பரில் ஏழு டன் என்று போட்டிருந்தது. வழியில் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது ஏழே முக்கால் காட்டியது. நான் சிரித்தேன். காயலான் சரக்கு வாங்கி விற்கிற இடத்தில் எடைமேடையை அவரவர் வசதிக்குத் திருகி வைத்திருப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். முக்கால் டன் பொய் என்று தள்ளிவிட்டு, ஏழு டன்னுக்குக் கணக்குப் போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

அடுத்த இம்சை ஷ்யாம்சுந்தர். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, பேங்க்கில் உத்தியோகம், வாயைத் திறந்தால் விமானம். இர்ஃபான் அவரை ஹோட்டல் சுவரில் மாட்ட 'வரலாறு' எழுதப் பிடித்திருந்தான். நான் வெல்டிங் புகையில் இருமிக்கொண்டிருப்பேன், இவர் பக்கத்தில் நின்று பாடம் நடத்துவார். இந்த விமானம் முதலில் மெட்ராஸ், திருச்சி, மதுரை என்று பயணிகளைச் சுமந்ததாம். பிறகு விடியற்காலையில் பத்திரிகைக் கட்டுகளாம். வெள்ளத்தில் அரிசி மூட்டைகளாம். அப்புறம் ஒரு சின்ன தனியார் கம்பெனியிடம் வந்து மறுபடியும் பயணிகளாம். கடைசியில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழகியதாம்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ், மேடம். ஒரு ஆக்சிடெண்ட் கிடையாது. உள்ள ஒரு உயிர் போனதில்ல. ஜீரோ."

"அப்ப சந்தோஷம். கொஞ்சம் நகருங்க, பொறி விழும்."

"இன்னொரு விஷயம் மேடம். ஆள் கம்மியா இருந்தா ஏர் ஹோஸ்டஸ் எல்லாரையும் எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பிடுவாங்க. பேலன்ஸுக்காக. இதுக்கு மூக்குக் கனம்."

உபயோகமில்லாத தகவல் என்று நினைத்தேன்.

உள்ளே முன்பக்கத்து சீட்டுகளை எடுத்துவிட்டு மேஜை போட்டோம். பின்னால் நாலு வரிசையை மட்டும் பெல்ட்டோடு அப்படியே விட்டுவைக்கச் சொன்னான் இர்ஃபான். ஃபோட்டோ எடுத்துக்கொள்ளவாம். என் வெல்டர் ஜெரோம் ஒருநாள் உள்ளேயிருந்து இறங்கி வந்து முகத்தைத் துடைத்தான்.

"அக்கா, அந்தப் பின்னாடி சீட்டுல தூசே இல்லக்கா. மத்த எடம்லாம் ஒரு இஞ்ச்சு கீது. எவனோ குந்திகினு கீறான்."

"நீதான் குந்தியிருப்ப. மத்தியானம் ரெண்டு மணிக்கு உன்னை எங்க தேடினேன்னு நினைக்கிற?"

நான் ஏறிப் பார்த்தேன். தூசி இல்லைதான். சீட்டுகளின் பஞ்சு நடுவில் குழிந்திருந்தது. பழைய பஞ்சு, குழியத்தானே செய்யும். கையால் தட்டி மேலே எழுப்பிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மறுபடியும் குழிந்திருந்தது. ஜெரோமை ஒரு பாட்டம் திட்டினேன்.

விமானத்தைக் காட்டாங்குளத்தூருக்குக் கொண்டுபோய், இறக்கையை மாட்டி, கிரேனில் தூக்கித் தூண்களின் மேல் உட்கார வைத்தோம். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு லோடு செல் வைத்தேன். பாரம் ஏறினால் மீட்டரில் எடை காட்டும். எடைமேடைக்காரனை நம்பாதவள் நான். என் சொந்தக் கருவியை நம்புவேன்.

என் சொந்தக் கருவி ஏழே முக்கால் காட்டியது.

அந்த முக்கால் டன் முழுவதும் பின்தூண்களில்தான் இருந்தது. வாலில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும் என்று துளை போட்டுப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்தூண்களைப் பலப்படுத்தும் வரை ஒரு ஈ, காக்கை கூட ஏறக்கூடாது என்று இர்ஃபானிடம் கறாராகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். அவன் தலை ஆடுவதற்கென்றே படைக்கப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரும்புத் தகடுகளோடு நானும் ஜெரோமும் வேனில் போய் இறங்கினோம். விமானத்தின் கதவு திறந்திருந்தது. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம். இர்ஃபான் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். 'ட்ரயல்' பார்க்கிறானாம். ஷ்யாம்சுந்தர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அக்கா... இங்க வா. மீட்டரப் பாரு."

ஜெரோமின் குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு ஆள், ஒரு குழந்தை. அவ்வளவுக்குத்தான் ஏறியிருக்க வேண்டும். பின்தூண்களின் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. நிற்கவில்லை.

டிக்...

வலது தூணின் அடியில். வெல்டு விட்டுக்கொடுக்கும் சத்தம். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம், எனக்குத் தப்பாது.

டிக்... டிக்...

படியில் ஓடினேன். உள்ளே ஏசி கிடையாது, மேலே தகரம், வெளியே அந்த வெயில். ஆனால் உள்ளே குளிர்ந்தது. பெப்பர்மிண்ட் வாசனை அடித்தது.

மெஹர் பானு கடைசி வரிசையில், ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். கையில் பழுப்பேறிய மிட்டாய்க் காகிதம்.

"யாருடி குடுத்தா?"

"இந்தத் தாத்தா."

பக்கத்து சீட்டைக் காட்டினாள்.

யாரும் இல்லை.

பஞ்சு குழிந்திருந்தது.

"எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினேன். "உடனே இறங்குங்க! கீழ வண்டி ரெடியா நிக்குது!"

வேனைத்தான் சொன்னேன்.

அப்புறம்...

க்ளிக்.

பெல்ட் பூட்டுகிற சத்தம்.

க்ளிக். க்ளிக். க்ளிக்...

காலி சீட்டுகளில். ஒவ்வொன்றாக. பின்வரிசை முழுக்க. பெல்ட்டுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. யாரோ இடுப்பில் இழுத்து இறுக்குவதுபோல விறைத்து நின்றன.

இர்ஃபான் கையிலிருந்த கேக் கத்தி கீழே விழுந்தது. ஷ்யாம்சுந்தர் படியில் உருண்டே இறங்கிவிட்டார். தினமும் பக்கத்தில் நின்று எனக்குப் பாடம் நடத்தியவர்.

நான் மெஹரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இர்ஃபானும் இழுத்தான். வரவில்லை. கட்டர் கீழே வேனில் இருந்தது.

"அத்தே, இறுக்குது..."

டிக்...

தரை ஒரு விரற்கடை சாய்ந்தது.

"இறங்குங்க" என்று மறுபடி வாயெடுத்தேன். பெல்ட்டுகள் இன்னும் இறுகின. குழந்தை வீறிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கச் சொல்வதுதான் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நான் பேய் பிசாசை நம்பாதவள். காலி சீட்டுகளைப் பார்த்துப் பேசினேன்.

"யாரும் இறங்க வேண்டாம். உக்காருங்க. விமானம் கிளம்பப் போகுது. சத்தியமா கிளம்பும். இந்தக் குழந்தை மட்டும் தப்பா ஏறிடுச்சு. இது உங்க விமானத்துப் பிள்ளை இல்ல."

எதுவும் அசையவில்லை.

பிறகு...

க்ளிக்.

மெஹரின் பெல்ட் மட்டும் திறந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. வெல்டு சத்தம் நின்றிருந்தது. எதிரே பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே தாம்பரத்துப் பயிற்சி விமானம் ஒன்று, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

இரண்டு நாள் கழித்து ஷ்யாம்சுந்தர் ஃபோன் செய்தார். அந்தத் தனியார் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"மேடம், நான் சொன்னது தப்பில்ல. டெக்னிக்கலா இந்த விமானத்துல ஆக்சிடெண்ட் கிடையாது."

"விஷயத்தச் சொல்லுங்க."

"அதோட கடைசிப் பயணிகள் ட்ரிப்... மதுரையிலேர்ந்து மெட்ராஸ். ஆள் ரொம்பக் கம்மி. எல்லாரையும் பின்வரிசைக்கு மாத்தி, மிட்டாய் குடுத்து, பெல்ட்டும் போட வெச்சாச்சு. என்ஜின் ஸ்டார்ட் ஆகல. கம்பெனி ஆள் ஏறி வந்து, 'எல்லாரும் இறங்குங்க, கீழ வண்டி ரெடியா நிக்குது'ன்னு சொல்லியிருக்காரு. பஸ் ஏற்பாடு. ஒரு பெரியவர் மட்டும் இறங்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சாராம், அவரையும் இறக்கி பஸ்ல ஏத்திட்டாங்க. பஸ் ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரிக்கு அடியில போயிடுச்சு. காட்டாங்குளத்தூருக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒருத்தர்கூடப் பிழைக்கல மேடம்."

"எத்தனை பேரு?"

"பதினோரு பேர்."

முக்கால் டன்னைப் பதினொன்றால் வகுக்க எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ.

கம்பெனிக்காரன் சொன்ன அதே வார்த்தைகளை, அதே விமானத்தில் நின்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் கிளம்பும் என்று சத்தியமும் செய்திருக்கிறேன். என்ஜினே இல்லாத விமானத்தில்.

பின்தூண்களைப் பலப்படுத்தினோம். ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டுதான் வெல்டு வைத்தான். நான் கிண்டல் செய்யவில்லை. அந்த வாரமே மீட்டரில் எடை இறங்க ஆரம்பித்தது. ஏழே முக்கால், ஏழரை ஆயிற்று. பிறகு ஏழு. போய்விட்டார்கள், சனியன் தொலைந்தது என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மீட்டர் ஆறேகால் காட்டியது.

விமானத்தின் வெறும் தகரமே ஏழு டன். லோடு செல்லை மாற்றினேன். புதியதும் அதையே காட்டியது. ஷ்யாம்சுந்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன், வேறு யாரைக் கூப்பிடுவது? அந்த மனிதர் மீட்டரைப் பார்த்தார். இறக்கையைப் பார்த்தார்.

"யாரும் இறங்கல மேடம்" என்றார். "ரன்வேல வேகம் எடுக்கும்போது இறக்கை கொஞ்சம் கொஞ்சமா பாரத்தத் தூக்க ஆரம்பிக்கும். அப்ப சக்கரத்து மேல எடை இப்படித்தான் குறையும்."

இர்ஃபான் இந்த வெள்ளிக்கிழமை திறக்கப்போகிறான். காலேஜ் பிள்ளைகள் மொத்த மேஜையும் புக் செய்துவிட்டார்களாம். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? 'சும்மா இரு அக்கா' என்கிறான். கேக் கத்தியைக் கீழே போட்ட அதே இர்ஃபான்.

கீழே விழாமல் இருக்க ஸ்டேண்ட் செய்து கொடுத்தவள் நான். இப்போது நானும் ஜெரோமும் அது மேலே போகாமல் இருக்க, கான்கிரீட்டில் கொக்கி அடித்துச் சங்கிலி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை மீட்டரில் மூன்றரை டன்.