ஸுஹைறா ரீச்சர் வீட்டுப் போத்தல்

சாய்ந்தமருதில் கடலோரமாகக் குடியிருந்துகொண்டு றோசாச் செடி வளர்க்க ஆசைப்பட்டவர் ஸுஹைறா ரீச்சர் ஒருவர்தான். ஊரில் பாதிப் பெண்களுக்குத் தையல் படிப்பித்தவர். தைத்த சட்டை தோளில் சரியாக இருக்காவிட்டால், அதை முழுதாகப் பிரித்து மறுபடி தைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். றோசாவையும் அப்படித்தான் பிடுங்கிப் பிடுங்கி நட்டுப் பார்த்தார். முற்றத்து உப்பு மணலும் வெக்கையாக வீசும் கச்சான் காற்றும் ஒவ்வொரு முறையும் இலையை அப்பளமாகப் பொரித்துவிட்டன.

மகன் கட்டாருக்குப் போனபோது அவனுடைய மீன் தொட்டி வீட்டில் தங்கிவிட்டது. ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், கண்ணாடிக்குள் கச்சான் நுழைய முடியாது என்பது ரீச்சருக்கு உறைத்தது. தொட்டிக்குள் வளர்கிற செடி தேடி அன்றைக்கே கல்முனைக்குப் பஸ் ஏறி, அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ஸஹீதிடம் போய் நின்றார்.

கடையின் மூலைத் தொட்டியில் சிவப்புச் செடி ஒன்று இருந்தது. தண்டு கிடையாது. நடுவிலிருந்து சுற்றிவர இலைகள் விரிந்து, ஓரமெல்லாம் சுருக்குத் தைத்ததுபோல நெளிந்து, தண்ணீருக்குள் ஒரு பெரிய பூ மலர்ந்த மாதிரி இருந்தது. பெயர் கிறிப்டோவாம். ரீச்சர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸஹீதுக்கோ அதை விற்க மனமில்லை.

"ரீச்சர், இது பொல்லாத சாமான். வேருக்குச் சாப்பாடு வேணும், இலைக்கு வெளிச்சம் வேணும், தண்ணிக்குள்ள, சோடாவில வாற மாதிரி கேஸ் வேணும். இடம் மாத்தினா கோவிச்சிக் கரைஞ்சி போயிரும். கை வெக்காம இரிக்க ஏலுமெண்டா மட்டும் கொண்டு போங்க."

ரீச்சர் ஏலும் என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

கேஸுக்குச் சிலிண்டர் வாங்க வசதியில்லாதவர்கள் செய்கிற வழியையும் ஸஹீதே சொல்லிக் கொடுத்தார். சோடாப் போத்தலில் தண்ணீர், சீனி, கொஞ்சம் ஈஸ்ட். மூடியில் ஓட்டை போட்டுச் சேலைன் குழாயைச் செருகி மற்ற முனையைத் தொட்டிக்குள் விட்டால் குமிழி குமிழியாகக் கேஸ் போகும். வீட்டிலேயே பணிஸ் ரொட்டி சுடுகிற ரீச்சரிடம் ஈஸ்டுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கலவை புளித்தால் வேறு என்னவாகும் என்று ரீச்சர் யோசிக்கவேயில்லை.

அவருடைய கணவர் முபாறக் இரும்புக் கடைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் செயலாளர், மரியாதைக்கு உயிரை விடுபவர். ஹோலுக்குள் புளிச்ச மணம் வருகிறதே என்று கேட்டார். செடிக்குக் கேஸ் என்றார் ரீச்சர். சமையல் கேஸாக்கும் என்று முபாறக் பதறி, அது இல்லை என்றதும் ஆறுதலாகிப் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

செடி வேர் பிடித்தது. இலையைக் கொறிக்கின்றன என்று, மகன் விட்டுப்போன மீன்களையெல்லாம் ரீச்சர் அக்கம்பக்கத்தில் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஊரில் போதை ஒழிப்பு ஊர்வலம் நடத்துவதென்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. அதைப் பற்றிக் கதைக்க ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் முபாறக் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் சீனிமுகம்மது ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவோடு மீன் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். அன்று காலையில்தான் குமிழி குறைந்துவிட்டதென்று ரீச்சர் போத்தலுக்குள் இரண்டு கை சீனியும் தாராளமாக ஈஸ்டும் போட்டிருந்தார். கச்சான் வெக்கையில் நுரை பொங்கிக் குழாயை அடைத்துக்கொண்டது ஒருவருக்கும் தெரியாது.

பதாகையில் எழுதவேண்டிய வாசகத்தை முபாறக் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். "மதுவை ஒழிப்போம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, போத்தல் மூடி வெடித்துப் பறந்தது. நுரை ஹாஜியாரின் தொப்பியிலும் தாடியிலும் ஜுப்பாவிலும் வழிந்தது. பின்னாலேயே மணம் வந்தது.

அது என்ன மணம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் கள்ளு மணம் என்று வாய்விட்டுச் சொல்கிறவர், அது தனக்கெப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? ஒருவர் பழம் அழுகின மணம் என்றார். இன்னொருவர் பணிஸ் மாவாக்கும் என்றார். முபாறக் மருந்து என்றார்.

"ஆருக்கு மருந்து?" ஹாஜியார் தாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மீனுக்கு ஹாஜியார்."

எல்லாரும் தொட்டியைப் பார்த்தார்கள். அதில் ஒரு மீன்கூட இல்லை.

உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ரீச்சர், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "மருந்தில்ல ஹாஜியார். சீனியும் ஈஸ்டும் புளிக்க வெச்சிரிக்கன். அதில வாற கேஸ் செடிக்கு."

"புளிச்சா அது என்னவாகும் எண்டு தெரியுமா புள்ள?"

"தெரியாதே. நீங்க சொல்லுங்க."

ஹாஜியார் இளமையில் நெல் லொறியோடு ஊர் ஊராகத் திரிந்தவர். சொல்ல வாயைத் திறந்தார். சுற்றியிருந்தவர்கள் ஆவலோடு அவருடைய முகத்தையே பார்த்தார்கள்.

"எனக்கும் தெரியா," என்று எழுந்தார்.

இரவு இஷா தொழுகைக்கு முன்பே செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. முபாறக் வீட்டில் ஏதோ ஊறுகிறதாம் என்று தொடங்கிய கதை, கல்முனை தாண்டி மருதமுனையை எட்டும்போது பீப்பாயாகியிருந்தது. முபாறக் மறுநாள் கடை திறக்கப் போகவில்லை. வெட்கமும் கோபமுமாகச் செடியைப் பிடுங்கி வாளிக்குள் போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்.

ரீச்சர் வாளிக்குள் தண்ணீர் ஊற்றினார். "போத்தல் வெடிச்சதுக்குச் செடி என்ன செஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டார். பின்னேரம் முபாறக்கே தொட்டியைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்து, மணலையும் அள்ளிப் போட்டுக்கொடுத்தார். ரீச்சர் செடியை மறுபடி நட்டார். விடிந்து பார்த்தால் இலைகள் கண்ணாடிபோல வெளிறி, ஒவ்வொன்றாகக் கூழாகிக் கரைந்துகொண்டிருந்தன.

அவர் கல்முனைக்குப் போய் ஸஹீதை வாய்க்கு வந்தபடி ஏசினார். ஸஹீத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அப்பச்சோடாவும் எலுமிச்சை உப்பும் கலந்தாலும் அதே கேஸ் வரும், புளிக்கவும் செய்யாது, மணக்கவும் செய்யாது என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று ரீச்சர் அதற்கும் ஏசினார். செடியின் இலை போனாலும் கிழங்கு உயிரோடுதான் இருக்கும், கிளறிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார் ஸஹீத்.

கிளறிப் பார்க்காமல் இருப்பதுதான் ரீச்சருக்குப் பெரும் பாடு. மொட்டை மணலைப் பார்க்கப் பார்க்கக் கை துடித்தது. கடைசியில் தையல் மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். தையல் பழக வந்த பெண்களே எட்டிப் பார்த்துச் சேதி சொன்னார்கள். ஒரு காலை, சிபானா என்பவள் குனிந்து பார்த்து, "ரீச்சர், ஊசி முனை மாதிரி செவப்பா ஒண்டு நிக்கிது," என்றாள். ரீச்சர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

செடி முன்னையைவிட வடிவாகத் திரும்பி வந்தது. போத்தலுக்குள் இப்போது அப்பச்சோடாவும் எலுமிச்சை உப்பும்தான். ஊர் வாயை அடைக்க, விஷயத்தை நேரில் பார்த்து முடிவு சொல்வதாகச் சீனிமுகம்மது ஹாஜியார் அறிவித்துவிட்டு வந்தார். இம்முறை கதிரையைத் தூரப் போட்டுக்கொண்டார். போத்தலை முகர்ந்தார், குற்றமில்லை என்றார். பிறகு குமிழி ஏறுவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கதிரையைக் கிட்ட இழுத்தார். அந்தி மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவர் எழும்பவில்லை. போகும்போது முபாறக்குக்குக் கேட்காத குரலில், இது குட்டிச் செடி விடுமா புள்ள என்று விசாரித்தார்.

இப்போது நிர்வாகக் கூட்டம் ஹாஜியார் வீட்டில், அவருடைய புதுத் தொட்டிக்கு முன்னால் நடக்கிறது. பாதி நேரம் செடிக் கதைதான், ஒரு தீர்மானமும் எடுக்க ஏலாமல் இருக்கிறது என்று முபாறக் வந்து குறைப்படுகிறார். ரீச்சர் ஊசியில் நூல் கோத்தபடியே, ஹாஜியாருடையது புது இலை விட்டிருக்கிறதா என்று கேட்கிறார். இரண்டு விட்டிருப்பதாக முபாறக்கும் சொல்கிறார்.