பச்சைத் தட்டு போன தூரம்

அன்று ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். கனடாவில் இருந்து வந்திருந்த அவருடைய மகள். மகளின் புருசன். யாரோ கட்டிவிட்டுப் போன ஒரு கறுத்த மாடு.

மச்சானைத் தவிர எல்லோரும் நின்றோம். அவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இடது காலில் கட்டு. அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்பது டொக்டரின் சொல்.

இடம் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல் தரை. மாரியில் அது தண்ணீருக்குள் போய்விடும். ஆடி மாதத்தில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். வலப்பக்கம் வாவி. ஆறு என்றுதான் நாங்கள் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, வெயில் சரிந்த பிறகு போனோம்.

மச்சானுக்கும் எனக்கும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அதோடு நான் மீன்பிடித் தோணிக்குப் போனேன். அவர் தரைக்கு மாபிள் பதிக்கப் பழகி, கட்டாருக்குப் போய் வந்தார். உள்ளங்கையைத் தரையில் வைத்து இழுத்துப் பார்த்தே எந்தக் கல் உயர்ந்து நிற்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. முதலில் கை, கால் விரல் நுனிகள் மரத்தன. அதன் பிறகு கண் இரண்டும் போயின. அவருடைய மனைவியும் செத்த பிறகு தங்கச்சியின் வீட்டுக்கு வந்தார். தங்கச்சியின் வீடென்றால் நான் இருக்கிற வீடு. சீதனமாக வந்த வீடு. அவர் பிறந்ததும் அங்கேதான். ஆகவே யார் யாரை வைத்துப் பார்ப்பது என்ற கதை எங்களுக்குள் வரவில்லை.

சித்திரையில் அந்தக் காலில் முள் ஏறியது. மரத்த கால். அவருக்குத் தெரியவில்லை. புண் மணத்த பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது. வைகாசி, ஆனி முழுக்க மருந்து கட்டினோம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னையும் மனைவியையும் புறம்பாகக் கூப்பிட்டுச் சொன்னார். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வாட்டில் வந்து படுக்க வேண்டும்.

மச்சானுக்கு இது தெரியாது. செவ்வாய்க்கிழமை மருந்து மாற்றத்தான் போகிறோம் என்று மகள் சொல்லி வைத்தாள். அங்கே போன பிறகு டொக்டரே சொல்லட்டும், அதுவரைக்கும் மனுசன் நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவளுடைய எண்ணம். என் மனைவியும் அதற்கு ஒத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் சொன்னார்கள். எனக்கு அது பாரமான வேலை இல்லை. நான் பேசுகிறவன் இல்லை.

தட்டுகளைக் கொண்டுவந்தது மருமகன். அவர் டிஸ்க் என்றார். நாங்கள் தட்டு என்றோம். அவர் இருக்கிற ஊரில் காட்டுக்குள்ளே இரும்புக் கம்பம் நட்டு, அதில் சங்கிலி தொங்கும் கூடை வைத்திருக்கிறார்களாம். தூரத்தில் நின்று தட்டை எறிந்து எறிந்து போய் அந்தக் கூடைக்குள் விழுத்த வேண்டும். யார் குறைந்த எறியில் விழுத்தினாரோ அவர் வென்றார். கிட்டத்துக்கு எறிய வேறு தட்டு இருக்கிறதாம். இந்த நாலும் தூரத்துக்கு எறிகிறவை, டிஸ்டன்ஸ் டிரைவர் என்று சொன்னார். சோற்றுப் பீங்கானை விடச் சிறியவை. நடு மெல்லியது, விளிம்பு தடித்தது, வெளி ஓரம் கத்தி போலச் சரிந்திருந்தது.

மச்சான் நாலையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார். நிறத்தை நான் சொன்னேன். சிவப்பு. மஞ்சள். நீலம். பச்சை.

சிவப்புதான் மருமகனுக்குப் பிடித்தது. பாரமானது. கண்ணாடி போல வழுக்கும். விளிம்பு ஒன்றரை விரல் அகலம். மச்சானின் விரலுக்கு அது தெரிந்தது. “இது கைக்குள்ள இரிக்கு,” என்றார். மஞ்சள் மெது ரப்பர் மாதிரி, நெரித்தால் வளையும். நீலம் பாரமே இல்லை, விளிம்பும் ஒடுக்கம். அதைப் பிடித்துக்கொண்டே கையில் ஒன்றும் இல்லை என்றார். பச்சை பழையது. மரங்களில் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் சுரண்டிப் போயிருந்தது. அதைக் குப்பையில் போடத்தான் இருந்ததாகவும், பையில் கிடந்து தானாக வந்துவிட்டதாகவும் மருமகன் சொன்னார்.

முதலில் மருமகன் எறிந்து காட்டினார். ஓடிப் போய், இடுப்பைத் திருப்பி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து விட்டார். சிவப்பு நேரே போய், மாட்டையும் தாண்டி, கடைசியில் இடப்பக்கம் சரிந்து விழுந்தது. மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. மச்சான் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தனக்கு ஒன்று தரச் சொன்னார்.

மருமகன் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டினார். நாலு விரல் கீழே, பெருவிரல் மேலே. நான் தோளைப் பிடித்து நேரே திருப்பிவிட்டேன். கதிரையில் இருந்தபடியே சிவப்பை எறிந்தார். அது கையை விட்ட உடனே இடப்பக்கம் கிறுகி மண்ணில் குத்தியது.

“சுப்பர் அப்பா,” என்றாள் மகள். “நல்ல தூரம். மாட்டுக்குக் கிட்டப் போயிட்டு.”

மச்சான் அடுத்ததுக்குக் கையை நீட்டினார். மஞ்சளை எறிந்தார். அது இன்னும் கிட்ட விழுந்தது. மகள் முதல் சொன்னதையே சொன்னாள். அவர் கையைத் தொடையில் துடைத்தார். அடுத்ததை வாங்கவில்லை. போவோம், எறிந்தது காணும் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“நீ சொல்லு மச்சான். எங்கால போன?”

மகள் என்னைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். கால் கதை சொல்லக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். தட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

“சிவப்பு இடப்பக்கம் கிறுகி விழுந்திட்டு,” என்றேன். “எட்டுப் பாகம் வரும். மஞ்சள் ஆறு.”

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம். ஆற்றில் கயிறு அளப்பது அப்படித்தான்.

மச்சான் சிரித்தார். “அதுதானே. மாட்டுக்குக் கிட்டப் போயிருந்தா மாடு இவ்வளவுக்குக் கயித்த அறுத்திருக்கும்.” பிறகு மகளிடம் சொன்னார்: “விழுற சத்தம் எனக்குக் கேக்கும் புள்ள. கண்தான் போன.”

அதன் பிறகு அவர் என்னை மட்டும்தான் கேட்டார். நான் என் வாழ்நாளில் அன்றைக்குப் பேசின அளவுக்குப் பேசினதில்லை. எறிந்தது உயர்ந்ததா, தாழ்ந்ததா, எந்த இடத்தில் கிறுகியது, விழுந்த பிறகு உருண்டதா, எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. தட்டைப் பொறுக்கி வந்து கொடுப்பதும் சொல்வதும் என் வேலை.

இப்படி எறிந்து எறிந்துதான் தட்டுகளின் குணம் பிடிபட்டது. சிவப்பு வேகமான கைக்குச் செய்தது. மருமகன் எறிந்தால் நேரே போகும். மச்சானின் கையில் அந்த வேகம் இல்லை, எப்படி எறிந்தாலும் இடப்பக்கம் விழுந்தது. மஞ்சள் விடுகிற நேரம் விரலில் ஒட்டியது. நீலம் மச்சானுக்கு நேரே போனது, பதின்மூன்று பாகம். ஆனால் மூன்று தரத்தில் இரண்டு தரம் பிடி வழுவி, பின்னால் என் காலடியில் விழுந்தது.

“நல்ல கூத்துத்தான்,” என்றார் மச்சான். “கைக்குத் தெரியிறது பறக்குதில்ல. பறக்கிறது கைக்குத் தெரியுதில்ல.”

மருமகன் நீலத்தை வாங்கித் தன் பலத்தோடு எறிந்தார். அந்த வேகத்துக்கு அது தாங்கவில்லை. வலப்பக்கம் புரண்டு ஆற்றுக்குள் போய் விழுந்தது. அது தாழாது, மிதக்கும் என்றார். மிதந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார். வழி பார்த்து இறங்கத் தெரியாத ஆள் என்று மகளும் பின்னால் போனாள். என் மனைவி தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாங்கள் இருவரும்தான் மிஞ்சினோம். பச்சைத் தட்டு அவர் மடியில் கிடந்தது. அதை மட்டும் இன்னும் எறியவில்லை. சுரண்டல்கள் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தக் காயமெல்லாம் எனக்குத் தெரியுது,” என்றார். 

 கச்சான் காற்று ஆற்றுப் பக்கம் இருந்து வந்து அவருடைய கன்னத்தில் அடித்தது.

“டொக்டர் என்ன சொன்ன?”

நான் ஆற்றைப் பார்த்தேன்.

“எறிஞ்சதச் சொன்ன மாதிரிச் சொல்லு.”

ஆற்றுக்குள் மகள் புருசனுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் கதை அவளுக்குக் கேட்காது.

“இடது கால்,” என்றேன். “முழங்காலுக்குக் கீழ எடுக்கணுமாம்.”

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை.”

“முழங்கால் மிஞ்சுமா?”

“மிஞ்சும் எண்டுதான் சொன்னாங்க.”

“உறுதியாச் சொன்னாங்களா?”

“இல்ல. அப்பிடித்தான் சொன்னாங்க.”

அவர் தலையை ஆட்டினார். பச்சைத் தட்டை ஒரு சுற்றுத் திருப்பினார். பிறகு இன்னொரு சுற்று.

“மூண்டு நாளா நீ ரெண்டாந்தரம் சோறு கேக்கல்ல,” என்றார். “உனக்குத்தான் ஏதும் வருத்தமாக்கும் எண்டு பார்த்தன்.”

  அழுவார் என்றோ ஏசுவார் என்றோ நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அப்படியான ஆள் இல்லை. ஆனால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இருந்தார். கடைசியில் கையை நீட்டினார். பிடித்தேன். வலது காலை ஊன்றி எழும்பினார். இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். இடது கை கதிரையின் முதுகில். நான் கதிரையை அமத்திப் பிடித்துக்கொண்டேன்.

மகள் கண்டுவிட்டாள். நனைந்த சட்டையோடு ஓடி வந்தாள். “அப்பா, நிக்கக் கூடாதெண்டு சொன்னவங்க. மாமா, நீங்களுமா?”

“செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நிக்கச் சொன்னாலும் நிக்கேலாதே புள்ள,” என்றார் மச்சான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் நீலத் தட்டை வைத்துக்கொண்டு தண்ணீர் சொட்ட அவளுக்குப் பின்னால் நின்றார்.

“அழுறதெண்டா பிறகு அழு,” என்றார் மச்சான். “கரையில மாமாட தோணிக்குள்ள கயிறு கிடக்கு. எடுத்து வா. இத மனக்கணக்கில சொல்லப்படாது, அளந்து சொல்லணும்.”

அவள் போய் எடுத்து வந்தாள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கதிரைக் காலடியில் பிடிக்கச் சொன்னார். குந்திப் பிடித்தாள். மருமகன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். நான் மச்சானின் தோளை நேரே திருப்பிவிட்டு விலகினேன்.

எறிந்தார்.

பச்சை உயரப் போகவில்லை. ஓர் ஆள் உயரத்தில், அசையாமல் போனது. பழசாகித் தேய்ந்தபடியால் சிவப்பைப் போல அவசரப்பட்டு இடப்பக்கம் கிறுகவில்லை. காற்று வலப்பக்கம் இருந்து தள்ளியது. கொஞ்சம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, புல்லில் இறங்கி வழுக்கிக்கொண்டு நின்றது.

மச்சான் காதைச் சாய்த்தபடி ஒற்றைக் காலில் நின்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை.

நான் கயிற்றை இழுத்துக்கொண்டு தட்டு வரைக்கும் நடந்தேன். தட்டு கிடந்த இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தேன். திரும்பி வந்து, அவர் முன்னால் நின்று, கையை விரித்து விரித்து அளந்தேன். அவர் கேட்கும்படி சத்தமாக எண்ணினேன்.

பத்தொன்பது பாகம்.