பலகாரத்துக்கு எதற்கு ஊசி

நாகலக்ஷ்மிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பாலிகஞ்ச் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே எலித் தசைச் செல்களை வளர்த்துக் கொடுப்பவள் அவள்தான். பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்; அடுத்து வருபவர்களுக்கும் அவள் அதே பாடத்தைத்தான் சொல்வாள். சர்க்கரை தானாகத் தசைக்குள் புகாது. இன்சுலின் வந்து சொன்னால்தான் செல்லுக்குள் பதுங்கியிருக்கும் கதவுகள் மேலே வந்து திறக்கும். இல்லாவிட்டால் வெளியே சர்க்கரை வெள்ளம், உள்ளே பட்டினி. அந்த வெள்ளத்திலேயே நாள்கணக்கில் ஊறிய செல், பிறகு இன்சுலின் சொன்னாலும் அரைகுறையாகத்தான் கேட்கும்.

இதை வீட்டில் மட்டும் அவள் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆரம்பித்தாள். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த கணவர் சீதாராமன், “எலிக்குச் சக்கரை ஊட்டறதுக்கா சம்பளம் தரா?” என்று சிரித்துவிட்டார். அன்று மூடிய வாய்தான்.

இப்போது அவருக்கே சர்க்கரை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அறைக்குள் போய்த் தானே ஊசி போட்டுக்கொள்வார். கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்ற டாக்டர், இன்சுலின் அளவை இரண்டு தடவை ஏற்றினார். அப்படியும் ஞாயிறு காலையில் பார்த்தால் முந்நூறு. புதன்கிழமை ராத்திரியோ ஒரேயடியாக இறங்கி, வேர்த்துக் கை நடுங்கியது. மனுஷர் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்று முடிவுகட்டி, லேக் மார்க்கெட் இனிப்புக் கடைக்காரர் கிரீஷிடம் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி உப்புமா. சீதாராமன் வீட்டு வழக்கத்தில் சனிக்கிழமை இரவு சாதம் கிடையாது; விரதம், பலகாரம்தான். அவர் அறைக்குப் போகாமல் நேரே வந்து உட்கார்ந்ததை அன்றுதான் கவனித்தாள். மறந்துவிட்டார் என்று நினைத்து ஊசியை எடுத்துவந்து நீட்டினாள்.

“இன்னிக்கு எதுக்கு? சாப்பாட்டுக்கு முன்னாடின்னுதானே டாக்டர் சொன்னார். இது பலகாரம்னா.”

“எத்தனை நாளா இப்படி?”

“ஆரம்பத்துலேர்ந்தே. சனிக்கிழமை, அமாவாசை, ஏகாதசி. விரதத்தன்னிக்கு ஊசி போட்டுண்டா மயக்கம் வரும்னு எனக்குத் தெரியாதா?”

நாகலக்ஷ்மிக்கு உச்சந்தலை கொதித்தது. மூன்று கரண்டி உப்புமா, அதற்கு மேல் இரண்டு வாழைப்பழம், இதற்குப் பெயர் விரதமாம். தட்டை வெடுக்கென்று இழுத்தாள்.

“அரிசியானா என்ன, ரவையானா என்ன? உள்ள போனா ரெண்டும் சக்கரைதான். கதவைத் திறக்காம மூட்டை மூட்டையா வாசல்ல கொட்டிண்டிருந்திருக்கேள். டாக்டர் பாவம், மருந்து போறலைன்னு ஏத்திண்டே போனார். அதான் போட்டுண்ட அன்னிக்கு ஒரேயடியா இறங்கித்து. படிச்ச மனுஷர்தானே நீங்க?”

அன்றிலிருந்து ஒரு வேளை தவறாமல் அவளே ஊசி போட்டாள். போடும்போதெல்லாம் திட்டினாள். சர்க்கரை இறங்கியது. புண் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் விரலை எடுத்தார்கள்.

கட்டுப் பிரிக்கப் போனபோது, விரத நாளில் ஊசியை விட்ட கதையைக் கேட்ட டாக்டர் பொறுமையிழந்து ஆங்கிலத்தில் கேட்டார்: “இன்சுலின் எதற்கு என்று உங்களுக்கு யாருமே எடுத்துச் சொல்லவில்லையா?”

சீதாராமன் யாரையும் குறை சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்: “என் மனைவிக்கு வேலையே அதுதான், டாக்டர்.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை நாளாகக் கணவர் தலையில் கொட்டிய ஆத்திரமெல்லாம் தன் மேலேயே திரும்ப, கட்டுப்போட்ட அந்தக் காலைப் பார்த்தபடி நின்றாள்.