கலைமணி அக்காவின் முறைத் தண்ணீர்

பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே நடந்தால் என் பெரியம்மா மகள் கலைமணி அக்காவின் காடு. தக்காளி போட்டிருக்கிறாள். கணவர் இறந்தபின் பயிர் வைப்பது அவள் தனியாகத்தான். கிணறு மட்டும் கொழுந்தன் வீரமணியோடு கூட்டு. ஒரு நாள் அவள் முறை, மறுநாள் அவன் முறை. இந்தக் கோடையில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது.

நான் கத்தாரில் உட்கார்ந்து கைப்பேசியில் பென்னாகரத்து வானிலையைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவேன்.

"நீ பாக்கற மழைய அங்கயே வச்சுக்கோ சாமி" என்பாள்.

"தனியா ஒரு போர் போட்டுடலாமாக்கா?"

"பக்கத்துக் காட்டுல ஆயிரம் அடி போனாங்க. புகைதான் வந்துச்சு."

மின்சாரம் எப்போது வருமென்று தெரியாததால் வீரமணி மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தான். கரண்ட் வந்ததும் அதுவே ஓடும். முறை முடிந்தவர் வால்வை அடுத்தவர் பக்கம் திருப்பிவிட வேண்டும். தக்காளி காய் பிடித்து நின்ற நேரத்தில் ஒரு நாள் அவன் திருப்ப மறந்தான். அக்கா சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் கிணற்றில் பாறை தெரிந்தது. அவள் முறைத் தண்ணீர் முழுக்க அவனுடைய ராகியில் நின்றது.

"உன் மோட்டாருக்குக் கிழம தெரியாதா வீரமணி?"

"மறந்துட்டனுங்க அண்ணி. நாளைக்கு என் முறையும் நீங்களே எடுத்துக்குங்க."

"எடுத்துக்கத்தான் போறேன். வேணாம்பேன்னு பாத்தியா?"

"உங்கள அப்படி நான் நெனச்சதே இல்லைங்க."

ஆனால் செடிகள் ஏற்கெனவே தலை தொங்கிவிட்டன. நாளைய தண்ணீர் முழுக் காட்டுக்கும் காணாது. கீழ்ப்பாதியில்தான் காய் அதிகம். ஆனால் அது கல்லாங்காடு, ஈரம் நிற்காது. அன்று மாலை அவள் அந்தப் பாதியின் சொட்டுநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கயிற்றால் கட்டினாள். போனில் அதைச் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா விட்டா என்னக்கா?"

"நாக்க மட்டும் நனைச்சா எல்லாமே சாவும்டா. பாதியாவது பொழைக்கட்டும்."

மறுநாள் தண்ணீர் மேற்பாதிக்கு மட்டும் போனது. சில நாளில் அங்கே செடிகள் நிமிர்ந்தன. கீழே எல்லாம் கருகிச் சுருண்டது. வெம்பிய காய்களைக் கூடையில் பறித்துக்கொண்டு வீரமணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் ராகி குடிச்சது போக மிச்சம். ஊறுகா போடச் சொல்லு."

அவன் கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.