ரோஸ்மேரி அக்காவின் பேரில் திறந்த கோப்புகள்

ரோஸ்மேரி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்மண்டபம் பகுதியில் வீடு. திருவொற்றியூரில் நாங்கள் வேலை செய்த கன்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருடமாக ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். எந்த வருட மழையில் எந்தச் சரக்கு நனைந்தது என்பதுவரை நினைவில் வைத்திருப்பார். மூச்சிரைப்பு உண்டு, பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். காகிதங்களை ஸ்கேன் செய்ய ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஒப்பந்த ஆட்களுக்குத் தனி லாகின் கிடையாது.

"என் பேர்லயே பூந்துக்கோடி ஜெயக்கொடி" என்று அக்கா பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார்.

போன வருடம் கம்ப்யூட்டரில் புதிய கோப்புச் சேமிப்பு வந்தது. எத்தனை லட்சம் கோப்பு சேர்ந்தாலும் இடம் பெருகிக்கொண்டே போகுமாம்.

"எங்க வூட்டு பீரோ இப்டி இருந்தா, நான் ஏன் மருமவகிட்ட பேச்சு வாங்கறேன்?" என்று சிரித்தார் அக்கா.

எந்தக் கோப்பை யார், எத்தனை முறை, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்றும் அந்தச் சேமிப்பு குறித்து வைத்தது. அது எங்களுக்குத் தெரியாது.

மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். கூச்சத்தால் நான் இருக்கையிலேயே சாப்பிடுவேன். அப்போது, தொழிலாளர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து படிப்பேன். மகள் கல்யாணம், மனைவியின் ஆபரேஷன், வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சல். நான் படிக்கக் கூடாதவை. தெரிந்தேதான் படித்தேன்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் குமாரவேல் அக்காவிடம் ஓர் அறிக்கையை நீட்டினார்.

"ரெண்டு மாசத்துல ஆளுங்க எழுதின லெட்டருங்கள அறுபத்து மூணு தபா தொறந்திருக்கீங்க. ஊர் வம்பு படிக்கவா சம்பளம்?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமா சார், நான்தான்" என்றார்.

அந்தத் தாளை நானும் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் திறந்த நேரம் இருந்தது. எல்லாம் மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரைக்குள். அந்த நேரத்தில் அக்கா தினமும் கேன்டீனில் குமாரவேலுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். நான் விரலால் தொட்டுக் காட்டினால் போதும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்காவை யார்டு வாசலுக்கு மாற்றினார்கள். புழுதியில் நின்று, லாரிகளில் வரும் கன்டெய்னர்களின் சீல் நம்பர் பார்க்கும் வேலை. எனக்கு என் பேரில் லாகின் கொடுத்து, அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருடைய இருமல் ஜன்னல் வழியே கேட்கும்.

பன்னிரண்டாம் நாள் அவர் மூச்சு வாங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு டிரைவர் தண்ணீர் கொடுத்தார். நான் அலமாரியிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து, நேரத்தின் கீழ் கோடு போட்டு, குமாரவேலின் மேஜையில் வைத்தேன்.

"நான்தான் சார்."

மறுநாளிலிருந்து என்னை வர வேண்டாம் என்றார்கள். அக்காவுக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது.

சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனபோது அக்கா சொன்னார்: "உனக்கு வேல பூடும்னுதான் நான் ஒத்துகினேன். அது பரவால்ல. பன்னெண்டு நாளு ஜன்னலாண்ட குந்திகினு என் இருமல கேட்டியே, ஒரு தபா வந்து 'எப்டிக்கா கீற'ன்னு கேட்டியாடி?"

இல்லை. கேட்கவில்லை.