நகம் பதிந்த பூட்ஸ்

1984 மார்ச் 12, திங்கட்கிழமை. காலை ஆறரைக்கு, மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் பஸ் ஏறினேன். ஏழே காலுக்கு ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலையின் ஆய்வறையைத் திறந்து, தராசைத் துடைத்து, அன்றைய கலவைக்கான கந்தகத்தை நிறுத்து வைத்தேன். நாட்குறிப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் செருகிய உறைக்குள் பூட்ஸிலிருந்து வெட்டிய சிறு துண்டு ஒன்று. அதன் நடுவே ஒரு நகக்குழி.

பூட்ஸை அச்சில் சூடாக அழுத்தி வேகவைக்கும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்த அக்காவின் நகம் அது. முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு ஈப்போவுக்கு வந்தவர். ஒவ்வொரு பூட்ஸையும் சூடாக எடுத்ததும் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். குழி நிமிர்ந்தால் வெந்தது, நிமிராவிட்டால் ஒதுக்கிவிடுவார். என் கருவிகள் சொன்னதும் அதையேதான். ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்கள் போன்றவை. போதிய நேரம் சூட்டில் அழுத்தினால் கந்தகம் நூலுக்கு நூல் பிணைப்புப் போடும். இழுத்த ரப்பரைத் திரும்பக் கொண்டுவருவது அந்தப் பிணைப்புதான். அது குறைந்தால் நூல்கள் வழுக்கி விலகும். பூட்ஸ் வெயிலில் பிசுபிசுத்து, மடிப்பில் கிழியும்.

அன்று மேனேஜர் பிரஸ்ஸில் வேகும் நேரத்தை இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்திருந்தார். தோட்டங்களுக்குப் போகும் ஆர்டர், அவசரமாம். பத்து மணிக்குள் அக்கா ஒதுக்கிய பூட்ஸ் குவிந்துவிட்டது. மேனேஜர் வந்து பார்த்தார்.

"வேகல சார். என் தங்கச்சி இதப் போட்டுக்கிட்டுத்தான் களைக்கொல்லி மருந்து அடிக்கப் போவுது. கிழிஞ்சு மருந்து உள்ள எறங்குனா காலு வெந்துரும்."

"கருப்பா, பளபளன்னு இருக்குல்ல? போதும் லா. நீ என்ன பெரிய கெமிஸ்ட்டா?"

"நான் இல்ல. கெமிஸ்டு தம்பி அங்கதானே நிக்குது? கேளுங்க லா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிணைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். "பார்வைக்குச் சரியாத்தான் இருக்கு சார்" என்றேன்.

அக்கா கத்தியால் ஒரு பூட்ஸின் ஓரத்தை அறுத்து, நகத்தை அழுத்தி, என் உள்ளங்கையில் வைத்தார். மதியத்துக்குள் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த மேனேஜரை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் தெரிந்தே பொய் சொல்ல அவருக்குக் கந்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளில் உறையே துண்டோடு ஒட்டிப்போயிற்று. குழி மட்டும் நிமிரவில்லை.

அடுத்த பக்கம், மார்ச் 13. காலை ஏழே காலுக்கு, முதல் வேலையாக, பிரஸ்ஸில் தொங்கிய, இருபது நிமிடம் என்றிருந்த பழைய அட்டையைக் கழற்றினேன். "பன்னிரண்டு நிமிடம்" என்று புது அட்டையில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, திருத்தமாக எழுதி மாட்டினேன்.